பழைய விளையாட்டுகளைப் புதுக்குதல் தகுமா?

விளையாட்டு என்னும் பொருளைத் தரும் சொற்களாகக் கெடவரல், பண்ணை என்னும் இரண்டனைத் தொல்காப்பியர் எடுத்துக் காட்டியுள்ளார். கெடவரல் இன்று எவர் நாவிலும் இல்லை. பண்ணை உளது, ஆயின் கொங்கு நாட்டில் அச்சொல்லைக் கேட்ட அளவில் கோழிப்பண்ணையும் மாட்டுப்பண்ணையும் நினைவுக்கு வருமேயன்றி விளையாட்டு வாராது. சொற்கள் இங்ஙனம் தேய்ந்தும் திரிந்தும் போயின; விளையாடும் வேட்கையோ மக்களை விட்டு நீங்கிற்றில்லை. அவ்வேட்கை அவ்வக்காலத்துக்கு ஏற்ற ஆட்டங்களைத் தேடிக்கொண்டது. பழைய ஆட்டங்களிற் சில நின்றன, பல மறைந்தன, சில உருமாறி வேறு பெயருடன் உலவுகின்றன. எவை நிற்கின்றன, எதனால் நிற்கின்றன என்பதை ஒருவாறு ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இடமளித்தது நம் மாணவரிடை அடிக்கடி எழும் ஒரு வாதம். வீடியோ கேம் எனப் பொதுவாக வழங்கும் திரை விளையாட்டுகளுள் 1980, 1990ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பரவிய வகைகள் பலவுள. விழும் கட்டிகளை அடுக்குதல், சிக்கலான பாதையிற் புகுந்து ஓடுதல், இடமிருந்து வலமாகத் தாவித் தாவிச் செல்லுதல், மேலிருந்து இறங்கும் பகைவரைச் சுட்டு வீழ்த்துதல் முதலியன அவை. இவற்றை இக்காலத்துக்கேற்பப் புதுக்கினாலன்றி இனி எவரும் தொடார் என்பது ஒரு சாரார் கொள்கை. புதுக்கினால் அவை அவையாக இரா, உள்ளபடியே விடுக என்பது மற்றொரு சாரார் கொள்கை. இரு சாராரும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அனுபவத்தை மட்டும் கையிற் கொண்டு வாதிக்கின்றனர். ஓர் ஆட்டத்தின் வாழ்நாளில் நாற்பது ஆண்டு என்பது இளமைப் பருவமே. தலைமுறை தலைமுறையாக ஆடப்பெற்று வந்த நம் நாட்டு ஆட்டங்கள் என்ன ஆயின என்று முதலில் நோக்கின், இவ்வழக்குக்கு வேண்டிய சான்று அங்கே நிரம்பக் கிடைக்கும்.

ஆடுபுலி ஆட்டத்தை முதற்கண் எடுத்துக்கொள்வோம். மலைபோல் முக்கோணமாக வரைந்த கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடுகள். கோடுகள் கூடும் இடங்கள் 23. ஒருவனுக்குப் புலி 3. மற்றவனுக்கு ஆடு 15. புளியங்கொட்டை, கூழாங்கல் என்று கைக்கு அகப்பட்டதையே காயாகக் கொள்வர். ஆடுடையவன் ஒவ்வொன்றாகத் தன் காயை இறக்குவான்; பதினைந்தும் இறங்கி முடியும்வரை, இறக்கிய ஆட்டை நகர்த்தலாகாது. புலியோ முன்னரே நகரத் தொடங்கிவிடும். நேர்கோட்டில் தன்னை அடுத்து ஓர் ஆடு நிற்க, அதற்கு அப்பாலுள்ள இடம் வெறுமையாயின், தாண்டிச் சென்று அவ்வாட்டை வெட்டும். ஆட்டுக்குத் தாண்டும் ஆற்றல் இல்லை. ஒன்றையொன்று நெருங்கி நின்று, புலி மூன்றனையும் அசையவொட்டாமல் அடைத்துவிடுதலே அதன் வெற்றி. இரு தரப்புக்கும் படை வேறு, விதி வேறு, வெற்றியின் இலக்கணமும் வேறு.

இவ்வாட்டத்தின் கோடுகளைப் பழைய கோயில் மண்டபத் தளங்களிலும் பாறைகளிலும் வெட்டி வைத்திருத்தலை நம் நாட்டிற் பல இடங்களிற் காணலாம். கொங்கு நாட்டுக்கு இஃது எத்துணைப் பொருத்தமானது என்பதைக் காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து நிலங்களைப் பார்த்தவர் அறிவர். அங்கே கொறங்காடு என வழங்கும் மேய்ச்சல் நிலங்கள் உள. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே நிழலுக்கு வெள்வேல மரம். வேலிக்குள் விடப்பட்ட ஆடும் மாடும் தாமே மேயும். மேய்ப்போனுக்கு வெயிற்பொழுது நீண்டது. கையில் வேலை குறைவு. எதிரே அமர அடுத்த காட்டு மேய்ப்போன் ஒருவன் இருந்தான். புலியும் அவனுக்கு வெறுங் கதைப்பொருளாக இருந்ததில்லை. தெற்கே ஆனைமலை, வடக்கே சத்தியமங்கலத்துக் காடு. (பின்னது 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது, ஆகவே ஆட்டத்தில் வரும் இரண்டு விலங்குகளும் நம் மாவட்ட எல்லைகளை ஒட்டி இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆடுவோர்தாம் அருகினர்.)

இனி, இவ்வாட்டம் அருகியதற்குக் காரணம் அதன் விதி பழையதாய்ப் போனமையா என்று நோக்குவோம். இதன் நெருங்கிய உறவினதாகிய பாக் சால் என்னும் ஆட்டம் நேபாளத்தில் ஆடப்பெறுகின்றது. அதில் புலி 4, ஆடு 20, இடம் 25. ஐந்து ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்னும் கணினி அறிஞர் இருவர் அவ்வாட்டத்தைக் கணினி கொண்டு முற்றும் ஆராய்ந்து, இரு தரப்பாரும் பிழையின்றி ஆடின் சமநிலையே முடிவு என்று நிறுவினர். ஒப்பில்லாத இரண்டு படைகளை எதிரெதிரே நிறுத்தி அவற்றைச் சமன்படுத்துதல் எளிய காரியம் அன்று. இன்று திரை விளையாட்டு ஆக்குவோர் பல மாதம் சோதித்தும் அதனை எய்தாமற் போவதுண்டு. பெயர் அறியப்படாத மலைநாட்டு மாந்தர் கல்லும் கோடும் கொண்டு அமைத்த விதி கணினியின் தராசில் இத்துணை நேராக நின்றது.

அன்றியும், இவ்வாட்டத்தின் எலும்புக்கூடு இக்காலத்தார்க்கு வெறுப்பூட்டுவது என்று கூறவும் இயலாது. கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரத்து நிறுவனம் ஒன்று 2016இல் வெளியிட்ட ‘டெட் பை டேலைட்’ என்னும் திரை விளையாட்டை நம் விடுதி மாணவரிற் பலர் அறிவர். கொலைஞன் ஒருவன், தப்ப முயல்வோர் நால்வர். கொலைஞன் வலியன். நால்வரோ அவனை எதிர்த்துக் கொல்லும் வழியற்றவர். ஒருவர்க்கொருவர் உதவிக் கூடி நின்றே உய்ய வேண்டும். அதனை ஆக்கியோர் ஆடுபுலி ஆட்டத்தைப் பார்த்து ஆக்கினர் என்று சொல்ல வரவில்லை. வலியோர் சிலரையும் எளியோர் பலரையும் வெவ்வேறு விதியால் மோதவிடும் இன்பம் பழையதாகிப் போகவில்லை என்பதே இங்கு வேண்டுவது. மறைந்தது எதிரே அமர்ந்த மேய்ப்போன். அவனோடு அந்த நீண்ட நண்பகலும் மறைந்தது. ஆட்டத்தின் விதியைத் திருத்தி அவ்விரண்டையும் மீட்க இயலாது.

பல்லாங்குழியின் கதை இதனினும் விநோதமானது. குழி 14, இருவர்க்கும் ஏழேழு. காய் புளியங்கொட்டையாகவோ சோழியாகவோ இருக்கும். ஒரு குழியில் உள்ளவற்றை எடுத்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் சென்று, கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வர். அடுத்த குழி வெறுமையாயின் அதனைத் துடைத்து, அப்பாலுள்ள குழியின் காயைத் தனதாக்குவர். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு, குழிக்குடையவர் எடுத்துக்கொள்வர். ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கும்போது, தோற்றவர் தம்மிடமுள்ள காய் எத்தனைக் குழிக்குப் போதுமோ அத்தனையை மட்டும் நிரப்பி, எஞ்சியவற்றை வெறுமையாக விட்டு ஆட வேண்டும். முன் ஆட்டத்து வறுமை பின் ஆட்டத்திலும் தொடரும் இவ்விதியின் கடுமை வேறு பல ஆட்டங்களில் இல்லை. நம் பாட்டியர் இதனைச் சிரித்துக்கொண்டே ஆடினர்.

இவ்வினத்து ஆட்டங்கள் ஆப்பிரிக்கா முழுவதும், ஆசியாவிற் பல நாடுகளிலும் உள; மங்காலா என்பது அவற்றின் பொதுப்பெயர். அமெரிக்காவில் வில்லியம் சாம்பியன் என்பவர் 1940ஆம் ஆண்டளவில் அவற்றைச் சுருக்கிக் கலா என்னும் பெயரில் புதிதொன்றை அமைத்தார். பின்னர் 2000ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனத்தார் 3310 என்னும் எண்ணுடைய கைப்பேசியை வெளியிட்டபோது, அதில் பாம்பு விளையாட்டோடு பாண்டூமி என்னும் விளையாட்டும் இருந்தது. அது மங்காலா இனத்ததே. கோயமுத்தூர்ப் பேருந்துகளில் அக்கைப்பேசியை வைத்துக்கொண்டு பாண்டூமி ஆடிய இளைஞர், தம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடந்த பல்லாங்குழிப் பலகையின் ஒன்றுவிட்ட தங்கையோடுதான் ஆடுகின்றோம் என்பதை அறிந்திலர்.

புதுக்குவோர்க்கு இது நல்ல சான்றாகத் தோன்றும்: பலகை போயிற்று, ஆட்டம் வந்தது. ஆயினும் வந்தது எது, வாராதது எது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைப்பேசியில் காயைப் பகிர்ந்து இடுவது பொறி, எண்ணுவதும் பொறியே. பல்லாங்குழியிலோ குழியிலுள்ளதைக் கண்ணால் மதித்து, இக்காய் எங்கே சென்று தீரும் என்று மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியே ஆட்டத்தின் பாதி. குழந்தைகள் எண் கற்றது அவ்வழியாலன்றோ? மற்றைப் பாதி விரல்களின் இன்பம். ஓரோர் காயாக நழுவவிடும் அந்த ஓசை. பொறி இவ்விரண்டையும் உழைப்பு என்று கருதி நீக்கிவிட்டது. எஞ்சியது கணக்கு ஒன்றே. அதுவும் இனியதே, ஆயினும் அதனைப் பல்லாங்குழி என்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை.

ஈண்டு ஓர் ஆக்ஷேபம் எழும். விதியை மாற்றலாகாது என்பீராயின், சதுரங்கம் என்ன ஆயிற்று என்று வினவுவர். இது வலிய ஆக்ஷேபமே. நாம் இன்று ராணி என்று வழங்கும் காய் முற்காலத்தில் அரசனுக்கு அருகே நின்ற மந்திரி. மூலைவாட்டாக ஒரு கட்டமே செல்லும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மேலை ஐரோப்பாவில் அதற்கு எத்திசையும் எத்தொலைவும் செல்லும் உரிமை அளிக்கப்பெற்றது. நாள் முழுதும் மெல்ல நகர்ந்த ஆட்டம் அதனால் விரைவும் கூர்மையும் பெற்றது. அம்மாற்றம் நேராதிருந்தால் சதுரங்கம் உலகை ஆண்டிருக்குமோ என்பது ஐயமே. அது பிறந்த நம் நாட்டிலோ வேறு விதிகள் நெடுநாள் வழங்கின. சிப்பாய்க்கு முதலடியில் இரண்டு கட்டம் செல்லும் உரிமை இல்லை. அரசன் கோட்டை கட்டுதற்கு மாறாக ஒருமுறை குதிரைபோற் பாயலாம். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் அவ்விதிகளிற் பழகிய பின்னர் மேனாட்டு விதிகளைப் புதிதாகக் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். அவர் குழந்தையிற் கற்ற ஆட்டத்தை இன்று ஆடுவோரைக் காண்பது அரிது. புதுக்கப்பெற்றது வாழ்ந்தது, புதுக்கப்பெறாதது மாய்ந்தது என்று தோன்றும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்குண்டு. கோயமுத்தூரில் நடைபெற்ற சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் வென்றே விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார். புறப்பட்டுப் போன ஆட்டம் உருமாறித் திரும்பி வந்து, பிறந்த வீட்டாரைப் பெருமைப்படுத்தியது என்றே சொல்லலாம்.

ஆயினும் இவ்வாக்ஷேபத்துக்கு விடை உண்டு. ராணிக்கு ஆற்றல் அளித்தவர் இன்னார் என்று வரலாறு ஒருவரைச் சுட்டவில்லை. ஆடியோரே மாற்றினர், மாற்றியதை ஆடிப் பார்த்தனர், இனிதாயிருந்ததனால் அது நிலைத்தது. அக்காலத்துக்குப் பொருந்த வேண்டும் என்று கருதி எவரும் மேலிருந்து விதித்ததாக அறிகிலோம். ஆட்டத்தினுள்ளேயே இருந்த ஒரு குறையை, அதாவது தொடக்கத்தின் மிகுந்த மந்தத்தை, அம்மாற்றம் தீர்த்தது. புறத்தே இருந்து ஒட்டவைக்கும் மாற்றமும் அகத்தே இருந்து முளைக்கும் மாற்றமும் ஒன்றாகா.

புறத்தேயிருந்து வந்த மாற்றத்துக்கு எடுத்துக்காட்டு நம் சடுகுடு. கபடி என்னும் பெயரால் அது 1990இல் பீஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. இந்தியா தங்கம் வென்றது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது தொலைக்காட்சிக்கு ஏற்ப அதனை மேலும் செப்பனிட்டனர். மண் போய் மெத்தைத் தளம் வந்தது. பாடிச் செல்வோன் 30 விநாடிக்குள் திரும்ப வேண்டும் என்னும் விதியும், அடுத்தடுத்து இரண்டு பாடல்கள் வெறுமையாயின் மூன்றாவதில் எவரையேனும் தொட்டே தீரவேண்டும் என்னும் விதியும் அவ்வாட்டங்களில் ஆளுகின்றன. இவை தந்த பயன் பெரிது. ஒதுங்கி ஒதுங்கிப் பொழுது போக்கும் வழக்கம் ஒழிந்தது; 2017 முதல் தமிழ் தலைவாஸ் என்னும் அணிக்காக நம் ஊர்ச் சிறுவர் கூச்சலிடுகின்றனர்; கிராமத்து இளைஞர்க்கு அது பிழைப்பும் புகழும் ஆயிற்று. இதனை இகழ்தல் நன்றியின்மையாகும்.

இழந்தது ஒன்றையும் சொல்லவேண்டும். சடுகுடுவில் கடிகாரம் ஆடுவோனுடைய நெஞ்சிலேயே இருந்தது. ஒரு மூச்சு நிற்கும்வரை அவன் எதிர்க்களத்தில் இருக்கலாம்; மூச்சு விட்டால் முடிந்தது. நெடுமூச்சுடையோன் நெடும்பொழுது நின்றான்; ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு பாட்டு இருந்தது. 30 விநாடி என்று பொதுக் கடிகாரம் வந்தபின் மூச்சு பெயரளவுக்கு நின்றது. புதிய விதி தீது என்பது என் அபிப்பிராயம் அன்று. ஓர் ஆட்டத்தின் கடிகாரம் எங்கே இருக்கின்றது என்று அறியாமல் கை வைப்போர், தாம் எதனை எடுத்தெறிகின்றனர் என்பதையும் அறியார் என்பதே.

நிற்க. இனித் திரை விளையாட்டுகளுக்கு வருவோம்.

ஜப்பானில் 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வெளிவந்த காலத்தில் அவை காசு போட்டு ஆடும் பொறிகளாக இருந்தன. ஆடுவோன் நெடும்பொழுது நின்றால் கடைக்காரனுக்கு நஷ்டம். உடனே தோற்றால் அவன் மீண்டும் வாரான். இவ்விரண்டுக்கும் நடுவே கண்ட வழியே ‘மூன்று லைஃப்’ என்னும் ஏற்பாடு. பின்னர் விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தது. நிண்டெண்டோ பெட்டியின் நகல்கள் 1990ஆம் ஆண்டுகளில் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்தன. கேசட் என்று சிறுவர் அழைத்த மஞ்சட் பெட்டிகளின்மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உள்ளே இருப்பதாக அச்சிட்டிருக்கும். திறந்து பார்த்தால் பத்தோ பதினைந்தோ திரும்பத் திரும்ப வரும். வீட்டில் காசு போடுவார் எவருமிலர். எனினும் மூன்று உயிர் என்னும் விதி மட்டும் தொடர்ந்தது. காரணம் போனபின்னும் காரியம் நின்றதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா.

இத்தகையவற்றைக் களைதல் புதுக்குதலாகாது, தூசி துடைத்தலே. நிண்டெண்டோ நிறுவனத்தாரே 2017இல் வெளியிட்ட சூப்பர் மேரியோ ஒடிசியில் உயிர்க்கணக்கை நீக்கி, வீழ்ந்தால் 10 நாணயம் இழப்பு என்று மாற்றினர். மேரியோவின் தாவலுக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. ஏனெனில் அவ்விளையாட்டின் உயிர் தாவலில் இருந்தது; லைஃப் எண்ணிக்கையில் இருந்ததில்லை. 2014இல் வந்த ஷவல் நைட் என்பது இன்னும் நுட்பமானது. பார்வைக்கு அது 1980ஆம் ஆண்டுகளின் பெட்டியில் ஓடியது போலவே இருக்கும். படமும் இசையும் அம்முறையினவே. ஆனால் மூன்று உயிர் இல்லை. வழியிடையே தங்குமிடங்கள் உண்டு. வீழ்ந்தால் அங்கிருந்து தொடரலாம். கடுமையை விரும்புவோன் அத்தங்குமிடத்தைத் தானே உடைத்துப் பொருள் எடுத்துக்கொள்ளலாம். பின் வீழ்ந்தால் நெடுந்தொலைவு திரும்ப வேண்டும். மேனி முழுதும் பழமை, உள்ளே நிதானமான திருத்தம். நம்மவர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர்: மேனியைப் பளபளப்பாக்கி உள்ளிருக்கும் முட்களை அப்படியே விட்டுவிடுகின்றனர்.

பாக்மேன் என்னும் சிக்கற்பாதை விளையாட்டை 1980இல் ஆக்கிய டோரு இவடானியே 2007இல் அதன் புதிய வடிவையும் ஆக்கினார். அதில் பழத்தை உண்டால் பாதையின் ஒரு பாதி மாறும். ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடியும். துரத்தும் பேய்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயல்பு என்னும் முதல் அமைப்பை அவர் கைவிடவில்லை. தாமே அமைத்த ஆட்டத்தில் எது தூண், எது சுவர் என்று அவர் அறிந்திருந்தார்.

இனி, ஒன்றும் புதுக்காமல் வாழ்வதற்கும் சான்றுண்டு. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னாவ், படம் வரையும் வசதியற்ற எலக்ட்ரானிக்கா 60 என்னும் கணினியில், அடைப்புக்குறிகளையே கட்டிகளாக வைத்து டெட்ரிஸ் அமைத்தார். அதன் நிண்டெண்டோ வடிவம் 1989இல் வந்தது. 29ஆம் கட்டத்துக்குமேல் மனிதரால் ஆட இயலாது என்று நெடுங்காலம் நம்பினர். கட்டி விழும் வேகத்துக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்து நகர்த்தும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. பின்னர் வந்த இளையோர் பொத்தானை நடுங்கும் விரலால் தட்டினர். அதன்பின் கருவியின் முதுகைப் பல விரல்களால் உருட்டித் தட்டும் முறையைக் கண்டனர். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன், வயது 13, அதனை 157ஆம் கட்டம்வரை ஆடினான்; விளையாட்டே செயலிழந்து நின்றது. 34 ஆண்டுகளில் அவ்விளையாட்டின் ஓர் எழுத்தையும் எவரும் மாற்றவில்லை. புதுக்கப்பெற்றது மனிதர் கை. இக்காலத்து வடிவங்களிலோ ஏழு வகைக் கட்டியும் ஒருமுறை வந்த பின்னரே மறுமுறை வரும் என்று விதியைத் திருத்தியுள்ளனர். நெடுங்கட்டி வாராமல் காத்து மாயும் பழைய துன்பம் அவற்றில் இல்லை. இரண்டும் அருகருகே வாழ்கின்றன. ஒன்று மற்றதைக் கொல்லவில்லை.

இவ்வாறு அருகருகே வாழ்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழையது கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை என்னும் சங்கத்தார் 2023இல் கணக்கிட்டு உரைத்தனர். அச்சிட்டு விற்ற பொருளுக்கே இக்கதியாயின், எழுதப்படாத நம் ஆட்டங்களின் நிலை என்னாகும்? சில கற்களில் கோடுகள் நிற்கின்றன. ஆடும் விதி கல்லில் இல்லை. புலி எத்தனை ஆட்டை வெட்டினால் வெற்றி என்பதிலேயே ஊருக்கூர் வேற்றுமை. பசு எடுப்பதிலும் வெறுங்குழி துடைப்பதிலும் வீட்டுக்கு வீடு வேற்றுமை. இவற்றுள் எது பிழை, எது சரி என்று தீர்ப்புக் கூறுவதற்குமுன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுதல் அவசியம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் பாட்டியை அணுகிப் பல்லாங்குழி ஆடுவது எப்படி என்று வினவாமல், ஆடுவோம் வா என்று அழைப்பாராயின், வினாவுக்கு வாராத விதிகளும் ஆட்டத்தின் நடுவே சண்டையாக வெளிப்படும். அச்சண்டையைக் குறித்துக்கொள்க, ஆட்டத்தின் உண்மையான இலக்கணம் அதில்தான் உளது.

புதுக்குதலில் இன்னொரு வழியும் உண்டு. அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. டொரண்டோ நகரத்து விசை கேம்ஸ் நிறுவனத்தார் 2023இல் வெண்பா என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 1980ஆம் ஆண்டுகளில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. தாயின் சமையற் குறிப்பேடு சிதைந்துபோயிற்று. விட்டுப்போன முறையை ஊகித்து இட்டலி முதலியவற்றைச் சமைக்க வேண்டும். விளையாட்டின் வகையை நோக்கின் அதில் புதுமை ஒன்றுமில்லை: புதிரை அவிழ்த்தலும் கதையைத் தொடர்தலும் திரை விளையாட்டின் தொடக்க காலத்தே இருந்தவை. ஆயினும் 2024இல் பிரித்தானியத் திரைக்கழகத்தாராகிய பாஃப்டாவின் முதற்படைப்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. பழைய வகை அப்படியே நின்றது. அதில் இதுவரை எவரும் வைத்திராத வாழ்க்கை ஒன்று வைக்கப்பெற்றது. பாத்திரம் பழையது, பண்டம் புதியது. அவ்வளவே.

ஆடுபுலி ஆட்டத்தைக் கைப்பேசிக்குக் கொணர நம் கணினி வகுப்பு மாணவர் முயல்வாராயின், அவர்க்கு என் யோசனை சிலவுண்டு. மலையையும் 23 இடத்தையும் தொடற்க. பதினைந்து ஆடும் இறங்கும்வரை நகர்த்தலாகாது என்னும் விதி புதியோர்க்கு எரிச்சலூட்டும்; அதையும் தொடற்க, ஆட்டின் பொறுமை முழுதும் அவ்விதியில் அடங்கியுள்ளது. பொறியோடு தனியே ஆடும் வழியை வேண்டுமாயின் வைக்கலாம்; ஆயினும் ஒரே கைப்பேசியைத் திண்ணையில் நடுவே வைத்து இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் வழியை முதலில் வைக்க வேண்டும். புலிக்கு உறுமல், ஆட்டுக்கு மணியோசை என்று ஒலி சேர்ப்பதில் தடையில்லை. கொறங்காட்டு வேலியையும் வெள்வேல மரத்தையும் பின்னே தீட்டினால் மிக நன்று. வெளிநாட்டுக் காட்டைத் தீட்டவேண்டா. பொறி இறுதியில் அறிவிக்க வேண்டிய வெற்றி எண் ஒன்று எஞ்சுகின்றது: வெட்டவேண்டிய ஆடு ஐந்தா, பத்தா, பதினைந்துமா? அந்த இடத்தை எழுதாமல் வெறுமையாக விடுக. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் பேசி, வாதாடி, அதனை நிரப்பிக்கொள்வர்.